ரச் அப் பண்ணினது தெரியாத சுவர்: பெயின்ற் வாங்கும்போதே கவனிக்க வேண்டியது

(காட்சி: யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு ஹோல். பிளக் மாற்றிய இடத்தில் புதிதாகப் பெயின்ற் பூசியிருக்கிறது.)

வணக்கம். இந்தச் சுவரை முதலில் நேரே நின்று பாருங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. சரி, இப்போது கமராவை யன்னல் பக்கம் நகர்த்துகிறோம். பின்னேர வெயில் விறாந்தை வழியாகச் சாய்ந்து விழுகிற நேரம் இது. பிளக்கைச் சுற்றிச் சதுரமாக ஒரு திட்டு தெரிகிறதா? அதே ரின்னில் மிஞ்சிய பெயின்ற்தான், அதே நிறம்தான். பிறகேன் இப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

வீட்டுச் சுவர் சும்மா இருப்பதில்லை. கலண்டர் ஆணி, கதிரை முதுகு உரசிய கோடு, வயர் இழுக்க வெட்டிய தடம், ஏசி பூட்டத் துளைத்த ஓட்டை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முழு வீட்டுக்கும் பெயின்ற் அடிக்க யாருக்கும் கட்டாது. ஆனாலும் கடைக்குப் போனால் நிற அட்டையைப் புரட்டுவதிலேயே நேரம் போய்விடுகிறது. நிறத்துக்கு முன் மினுக்கத்தைத் தீர்மானியுங்கள். பழுதுபட்ட இடத்துக்கு மட்டும் திரும்பப் பூசுகிற ரச் அப் தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கிறது.

(காட்சி: ஒரே நிறம் பூசிய மூன்று பலகைகள். பக்கவாட்டிலிருந்து ரோச் லைற் அடிக்கப்படுகிறது.)

இடது பக்கம் மினுங்காத மட், நடுவில் ஓரளவு மினுங்கும் சில்க், வலது பக்கம் நன்றாக மினுங்கும் குளோஸ். மட் பெயின்றில் தூளைப் பிடித்து ஒட்டவைக்கும் ரெசின் குறைவு; நிறத்தூளும் நிரப்புத்தூளும் கூட. காய்ந்த பிறகு அதன் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரடுமுரடாக இருக்கும். விழுகிற வெளிச்சத்தை அது எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும். பழைய பூச்சுக்கும் புதிய பூச்சுக்கும் உள்ள சின்னச் சின்ன வேறுபாடு அந்தச் சிதறலில் மறைந்துபோகும். சில்க் வழவழப்பானது. வெளிச்சத்தை ஒரே பக்கம் திருப்பி அனுப்பும். ஒரு பூச்சுக் கூடினாலோ, பிரஷ் தடம் விழுந்தாலோ உடனே கண்ணில் படும்.

ஈஎன் 13300 என்ற ஐரோப்பியத் தரத்தில் மினுக்கத்தை 85 பாகையிலும் அளக்கிறார்கள். அந்த அளவீட்டில் 10 அலகுக்குக் கீழே இருந்தால் மட், 5 அலகுக்குக் கீழே இருந்தால் முழு மட். 85 பாகை என்றால் வெளிச்சம் கிட்டத்தட்டச் சுவரோடு படுத்துப் போகிற கோணம். பின்னேர வெயில் இந்த ஹோலுக்குள் வருவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

பழைய நாற்சார் வீடுகளில் சுண்ணாம்பு அடித்த சுவரைக் கவனித்திருக்கிறீர்களா? அதற்கு மினுக்கமே இல்லை. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு இறுகுகிற வெறும் சுண்ணாம்பு அது. ஓரிடத்தில் பெயர்ந்தால் அந்த இடத்துக்கு மட்டும் அடித்துவிடலாம். காய்ந்த பிறகு சுவரோடு சேர்ந்துவிடும்.

அதற்காக மலிவான மட் பெயின்றை வாங்கிவிடாதீர்கள். ரெசின் மிகவும் குறைந்த மட் என்றால் கையால் தடவும்போது உள்ளங்கையில் வெள்ளை மா ஒட்டும். சுவிச் பக்கத்து விரல் அழுக்கை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கும். பிறகு அதற்கும் ஒரு ரச் அப் வேண்டும். கழுவக்கூடிய மட் என்று விற்கிறார்கள், விலை கூடத்தான். ஹோலுக்கும் படுக்கையறைக்கும் நான் சொல்வது அதைத்தான். குசினிக்கு இது சரிவராது. எண்ணெயும் புகையும் படுகிற சுவரை அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டும், அங்கே சில்க் அடியுங்கள்.

நிறத்திலும் ஒரு விசயம். வெள்ளை, கிறீம், வெளிர் சாம்பல் போன்றவற்றில் ரைற்றேனியம் டயொக்சைட் என்ற வெள்ளை நிறத்தூள் நிறைய இருக்கிறது; ரச் அப் ஓரளவு ஒளிந்துகொள்ளும். கடும் நீலம், கடும் பச்சை, மரூன் போன்றவற்றில் மட் என்றாலும் திட்டுத் தெரியும், உரசிய தடமும் தெரியும். கடும் நிறம் ஆசையென்றால், கதிரை கட்டில் முட்டாத ஒரு சுவருக்கு மட்டும் அடியுங்கள்.

(காட்சி: ஹாட்போட் துண்டில் பெயின்ற் பூசப்படுகிறது.)

பெரிய வாளி வாங்க முன்னம் ஒரு லீற்றர் வாங்கிச் சோதியுங்கள். இரண்டடிக்கு இரண்டடி ஹாட்போட் துண்டில் றோலரால் இரண்டு பூச்சு அடித்து, ஒரு கிழமை விடுங்கள். பிறகு நடுவில் உள்ளங்கை அளவுக்கு மறுபடி பூசி, அடுத்த நாள் யன்னலோரம் சாய்த்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். பூசிய உடனே பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஈரத்தில் நிறம் வேறு மாதிரித்தான் இருக்கும்.

நல்ல பெயின்றையும் ரச் அப் பண்ணும் விதம் கெடுத்துவிடும். சுவரை றோலரால் அடித்துவிட்டு ரச் அப்பைப் பிரஷால் பண்ணுகிறோம். கிட்டே போய்ப் பாருங்கள்: றோலர் அடித்த இடம் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கும், பிரஷ் அடித்த இடம் கோடு கோடாக இருக்கும். நாலு அங்குலச் சின்ன றோலர் ஒன்று வாங்கி வையுங்கள். பெயின்றை மெல்லிசாக எடுத்து, ஓரத்துக்குப் போகப் போக அழுத்தத்தைக் குறைத்துத் தேய்த்துவிடுங்கள், எல்லைக்கோடு விழாது. ஓட்டைக்குப் பட்டி வைத்திருந்தால் தேய்த்து மட்டப்படுத்தி, அந்த இடத்துக்கு மட்டும் பெயின்றுக்கு முன் அடிக்கிற பிரைமர் அடியுங்கள். பிரைமர் இல்லாத பட்டி பெயின்றை உறிஞ்சிக் குடித்துவிடும், அங்கே மங்கலாகத் தெரியும். சாமியறையில் என்றால் முதலில் விளக்குக் கரியையும் சாம்பிராணிப் புகையையும் துடையுங்கள். அழுக்குச் சுவரில் புதுப் பெயின்ற் வெளிறித்தான் தெரியும்.

தண்ணீர் கலப்பதென்றால் குடிக்கிற தண்ணீரைக் கலவுங்கள். கடற்கரைப் பக்கத்திலும் தீவுப் பகுதியிலும் உவர்க் கிணறுகள் இருக்கின்றன, அந்தத் தண்ணீர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரமாக இருக்கும்போதும் ரச் அப்பைத் தொடாதீர்கள். வெயில் காலத்தில் காய்ந்த பூச்சும் மழைக்குள் மெதுவாகக் காய்ந்த பூச்சும் ஒரே மினுக்கத்துக்கு வராது.

சில்க் சுவரில் என்ன செய்தும் திட்டு மறையாவிட்டால், அந்த ஒரு சுவரை மட்டும் மூலையிலிருந்து மூலைவரை அடித்துவிடுங்கள். இரண்டு சுவர் சந்திக்கிற மூலையில் வெளிச்சம் எப்படியும் மாறும், வித்தியாசத்தைக் கண் பிடிக்காது.

(காட்சி: மிஞ்சிய பெயின்ற் ஒரு சின்னப் போத்தலில் ஊற்றப்படுகிறது.)

நிறம் கலக்கும் மெசினில் ரின்னுக்கு ரின் கொஞ்சம் மாறலாம். அதனால் அடிக்கத் தொடங்க முன்னம் ஒரே அறைக்குரிய ரின்கள் எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். பெயின்ரர் அண்ணை கரைச்சல் என்பார், இருந்தாலும் கேளுங்கள். மிஞ்சுவதைக் காற்றிடம் இல்லாமல் சின்னப் போத்தலில் நிரப்பி, ரின்னில் ஒட்டியிருந்த நிற இலக்கத்தையும் எந்த அறை என்பதையும் எழுதி ஒட்டுங்கள். தகரக் கொட்டிலுக்குள் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் கெட்டுவிடும். வீட்டுக்குள் நிழலில் இருக்கட்டும். எடுத்துப் பூச முன்னம் மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். புளித்த நாற்றம் அடித்தாலோ, கலக்கியும் கட்டி கரையாவிட்டாலோ அதைச் சுவரில் வைக்க வேண்டாம். எழுதி ஒட்டிய இலக்கத்தைக் கொண்டுபோய் ஒரு லீற்றர் புதிதாகக் கலக்குங்கள்.