இருமல் நின்றுவிட்டது, குளிசையை விடலாமா?

சாய்ந்தமருதிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: "வாப்பாவுக்குக் கசநோய் என்று குளிசை தொடங்கி ஐந்து வாரமாகிறது. இருமல் நின்றுவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறார். இனி எதற்குக் குளிசை என்கிறார். சுவாசப்பைக்குள் என்னதான் நடக்கிறது? அவருடைய கோப்பையைத் தனியாக வைக்க வேண்டுமா?"

வாப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, மகள். நோவு போனதும் மருந்தை விடுவதுதான் நம் எல்லோருடைய பழக்கம். இந்தக் கிருமியிடம் அந்தக் கணக்குச் செல்லாது.

காற்றோடு உள்ளே போகும் கிருமி சுவாசப்பையின் கடைசிச் சிற்றறையில் இறங்குகிறது. காவலுக்கு நிற்கும் வெள்ளை அணு அதை விழுங்குகிறது. வேறு கிருமியென்றால் அத்தோடு முடிந்தது. இதற்கோ மெழுகு பூசினாற்போன்ற தடித்த தோல். விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருக்கும். அவசரமும் கிடையாது. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் எடுக்கும். உடல் அதைச் சுற்றி அணுக்களை அடுக்கி வேலி போடுகிறது. பெரும்பாலானோருக்கு அந்த வேலி ஆயுள் முழுவதும் நிற்கும். நீரிழிவு, முதுமை, புகைத்தல், போதிய சாப்பாடின்மை போன்றவை வேலியைத் தளர்த்துபவை.

தளர்ந்தால் நடுப்பகுதி செத்துக் கட்டிபடுகிறது. மருத்துவ நூல்கள் அதைப் பாற்கட்டிக்கு ஒப்பிடும். நமக்கு எதற்குப் பாற்கட்டி? சட்டியில் உறைந்த எருமைத் தயிரை நினையுங்கள். அந்தத் தயிர் இளகி, மூச்சுக்குழாய்க்குள் உடைந்து, இருமலோடு வெளியேறுகிறது. அகப்பையால் அள்ளிய இடம்போல் ஒரு குழி மிஞ்சுகிறது. எக்ஸ்ரேயில், பெரும்பாலும் காறை எலும்பை ஒட்டி, கறுப்பு வட்டமாகத் தெரிவது அதுதான். அங்கே காற்றுத் தாராளம். கிருமி கோடிக்கணக்கில் பெருகும். பக்கத்து இரத்தக்குழாய் அரிபட்டால் சளியில் இரத்தம் வரும்.

முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகள், பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளை வேகமாகக் கொல்கின்றன. வாப்பாவின் இருமல் நின்றது அதனால்தான். தயிருக்குள் உறங்கிக் கிடப்பவை அவ்வளவு எளிதில் சாவதில்லை. அவற்றுக்காகத்தான் பின்னும் நான்கு மாதம், இரண்டு மருந்துகள். இப்போது விட்டால் மிஞ்சியவை எழும்பும். மருந்துக்குப் பணியாதவையாக எழும்பினால் வைத்தியம் இதைவிடக் கடினம்.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம். அது குளிசையிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

கோப்பையை ஒதுக்காதீர்கள், பாவம். இது காற்றால் பரவும் நோய், சோற்றால் அல்ல. சன்னலைத் திறந்துவிடுங்கள். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். இரண்டாம் மாத முடிவில் சளியைத் திரும்பவும் பார்ப்பார்கள். விடியற்காலையில் எழும்பியதும், வாயைக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பலர் எச்சிலைத் துப்பிக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.