ஹேக் வரை ஏன் வந்தார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அயல்நாட்டு அடக்குமுறைக்கு எதிராக ஒரு சிறிய நாடு எழுப்பும் குரலுக்குப் பலன் உண்டா, அது வெறும் சடங்கா? பலன் உண்டு என்பது எங்கள் அணி. சற்றுமுன் எதிரணி நண்பர், "காம்பியா எங்கே, மியான்மர் எங்கே? வழக்குப் போட்டு எத்தனை ரோஹிங்யாக்கள் ஊர் திரும்பினார்கள்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார்.

சரி, கதையை முதலில் இருந்தே பார்ப்போம். 2017 ஆகஸ்டில் மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில், ரோஹிங்யா என்னும் முஸ்லிம் சிறுபான்மையினரின் ஊர்களை ராணுவம் ஊர் ஊராகக் கொளுத்தியது. 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வங்கதேசத்துக்கு ஓடி வந்தார்கள். மறு ஆண்டு மே மாதம் அங்குள்ள காக்ஸ் பஜார் அகதி முகாமுக்கு, முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பான இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் குழு ஒன்று போனது. மேற்கு ஆப்பிரிக்காவின் குட்டி நாடான காம்பியா சார்பில் போக வேண்டியவர் வெளியுறவு அமைச்சர். அவரால் முடியவில்லை என்று நீதி அமைச்சர் அபூபக்கர் தம்பாடு போனார். அவரோ ருவாண்டா இனப்படுகொலைக்கான ஐ.நா. தீர்ப்பாயத்தில் வேலை பார்த்தவர். முகாமில் அகதிகள் சொல்லச் சொல்ல, அவர் காதில் விழுந்தது ருவாண்டா. வேறு யாராவது போயிருந்தால், ஒரு அறிக்கையோடு முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அப்புறம், காம்பியாவே சர்வாதிகாரி யாஹ்யா ஜாமேயின் 22 வருட ஆட்சியிலிருந்து 2017இல்தான் மீண்டிருந்தது. அடக்குமுறை என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

2019 நவம்பர் 11 அன்று, நெதர்லாந்தின் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில், மியான்மர் மீது காம்பியா போட்டது இனப்படுகொலை வழக்கு. அடுத்த மாதமே, அப்போது மியான்மர் அரசை நடத்திய, அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய ஆங் சான் சூகி நேரில் வந்து தன் நாட்டு ராணுவத்துக்காக வாதாடினார். 2020 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாக உத்தரவிட்டார்கள்: ரோஹிங்யாக்களைக் காக்க வேண்டும், ஆதாரங்களை அழிக்கக் கூடாது, குறித்த இடைவெளியில் அறிக்கை தர வேண்டும்.

உத்தரவு ராணுவத்தைத் திருத்திவிட்டதா? இல்லை. 2021இல் அந்த ராணுவமே ஆட்சியைப் பிடித்து, தனக்காக வாதாடிய சூகியையே சிறையில் போட்டது. இன்றும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் முகாம்களில்தான் இருக்கிறார்கள். நண்பர் சொன்னது பொய்யில்லை.

ஆனால் நடுவர் அவர்களே, சொந்த மக்களின் ஓட்டையே மதிக்காத அந்த ராணுவ ஆட்சி, 2022 பிப்ரவரியில் காம்பியாவுக்குப் பதில் சொல்ல ஹேக்குக்கு ஆள் அனுப்பியது! "காம்பியாவுக்கு இதில் என்ன பாதிப்பு? வழக்குப் போட அதற்கு உரிமையில்லை" என்று வாதாடியது. கேட்டுப் பாருங்கள், நண்பர் இங்கே பேசியதும் கிட்டத்தட்ட அதே வாதம்தான். இனப்படுகொலை ஒப்பந்தத்தில் சேர்ந்த எந்த நாடும் வழக்குத் தொடரலாம் என்று சொல்லி, அந்த ஆண்டு ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அதன் பிறகுதான் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் போன்ற பெரிய நாடுகள் 2023இல் வழக்கில் தலையிட மனுப் போட்டன. முதலில் போனது 25 லட்சம் பேர் கொண்ட காம்பியா.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: வெறும் சடங்குக்கா அவர்கள் ஹேக் வரை வக்கீல் பிடித்து வந்தார்கள்?