சரளிவரிசை சலிக்குமா?

அவையோருக்கு வணக்கம். இந்த இசைப் பள்ளி ஆண்டு விழாவில் ஒழுங்கைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். அவர்களுக்குக் காது புளித்துப்போன விஷயம் அது. ஆகவே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரிடம் பேசுகிறேன்.

"பாட்டுச் சாதகத்தை முடி, அப்புறம்தான் டிவி" என்கிறோம். மகிழ்ச்சி டிவியில் இருக்கிறது, பாட்டு அதற்குக் கட்டும் சுங்கம் என்று நாமே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பிறகு பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று ஆசிரியரிடம் வந்து குறைப்படுகிறோம்!

கர்நாடக இசையின் முதல் பாடமான சரளிவரிசையில் என்ன இருக்கிறது? ஏழு ஸ்வரம், ஆதி தாளம், மாயாமாளவகௌளை ராகம். புரந்தரதாசர் வகுத்தது என்பது மரபு. அந்த ராகத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஸட்ஜத்திலிருந்து மத்யமம் வரை, அதாவது ‘ஸ’விலிருந்து ‘ம’ வரை, ஸ்வரங்களுக்கு நடுவே என்னென்ன இடைவெளிகளோ, பஞ்சமமான ‘ப’விலிருந்து மேல் ஸட்ஜம் வரையிலும் அதே இடைவெளிகள்தாம். கீழே தொண்டை கற்றதை மேலே இன்னொரு முறை செய்துபார்க்கிறது. திரும்பச் செய்வது அந்த ராகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

நாளைக் காலை, காபிக்கு முன்னால், தம்பூரா சுருதியைப் போட்டு ஸட்ஜத்தை ‘ஆ’ என்று அகாரமாக நீட்டிப் பாருங்கள். முதலில் குரல் கரகரக்கும். சுருதிக்குச் சற்றுக் கீழே தொங்கும். அந்த உரசலில் ஓர் அலை எழும்புவது காதில் கேட்கும். குரல் மெல்ல மேலேறி நெருங்க நெருங்க அலை நிதானப்படும். சேர்ந்ததும் மறைந்துவிடும். எது உங்கள் குரல், எது தம்பூரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த இன்பத்துக்கு வித்வானாக வேண்டியதில்லை. ஒரே ஸ்வரத்தில் தினமும் உட்காரும் பொறுமை போதும். நேற்றைய ஸட்ஜம் காதில் தங்கியிருந்தால்தானே இன்றைய வித்தியாசம் தெரியும்?

ஸ்பெயினின் கட்டலோனியாவில் 1876இல் பிறந்த பாப்லோ காசல்ஸ், பெரிய வயலின் போன்ற செல்லோ வாத்தியத்தின் மேதை. அவர் பதின்மூன்று வயதில் பார்சிலோனாவின் ஒரு பழைய கடையில் ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதிய தனிச் செல்லோ இசையைக் கண்டெடுத்தார். மேடையில் வாசிக்கத் துணியுமுன் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றார். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. முதுமையிலும் காலையில் எழுந்ததும் அவர் பியானோவில் பிரெலூட், ஃப்யூக் என்னும் பாக்கின் இசைப்படைப்புகளில் இரண்டிரண்டை வாசித்த பிறகே மற்ற வேலைக்குப் போவார். எண்பது ஆண்டுகளாக இதுதான் வழக்கம் என்று தொண்ணூறு வயதைத் தாண்டிய பின் சொன்னார். கச்சேரிக்கான தயாரிப்பு அல்ல அது. அவருடைய வாத்தியமே வேறு. அந்த இசை வீட்டுக்கு ஓர் ஆசி என்றார்.

நாமோ, ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்று என்று மறுநாளும் விடுகிறோம். காய்ச்சல் வரும், கல்யாண வீடு வரும். அதற்காக நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதாதீர்கள். மறுநாள் அதே நேரத்துக்கு, அதே பாயில் உட்காருங்கள்.

சுருதிப்பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று ஒரு தாயார் சீட்டு அனுப்பியிருக்கிறார். வேண்டாம் அம்மா. கைப்பேசியிலேயே தம்பூரா கிடைக்கிறது. ஒலியை மட்டும் குரலை அமுக்காத அளவுக்கு வையுங்கள். பிள்ளையை உட்காரச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடாமல், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாடுங்கள்.