துளி விழும் இடம்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, வேளாண்மைத் துறை அலுவலர்களே, பண்ருட்டி பேருந்து நிலையத்திலேயே வந்து என்னை அழைத்துக்கொண்ட இளைஞர் மன்றத் தம்பிகளே, முந்திரித் தோப்பு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் ஐயா என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி. பொன்னாடைக்குப் பதில் துண்டு போர்த்தினீர்கள், அதற்கும் நன்றி.

இரண்டு செய்திகள் சொல்ல வந்தேன். மழைத்துளி மண்ணை என்ன செய்கிறது, ஓடை என்ன செய்கிறது.

‘சிறு துளி பெருவெள்ளம்’ என்பார்கள். சேமிப்புக்குத்தான் அதைச் சொல்கிறோம். நான் மண்ணுக்குச் சொல்கிறேன். பெரிய துளி நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையைக் குத்துகிறது.

எங்கள் ஆயா வீட்டில் பொங்கலுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும். “சேத்துல ஆடுனது நீதானேடா” என்று எனக்குத்தான் அடி விழும். ஒரு வருஷம் அடைமழை. ஆயா திண்ணையில் உட்கார்ந்து தாழ்வாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையிலிருந்து விழுகிற ஒவ்வொரு துளியும் மண்ணில் ஒரு குழி பறித்து, சேற்றை எடுத்துச் சுவரில் எறிகிறது. “அடப்பாவமே, ஒன்ன போய் அடிச்சேனே!” என்று முந்திரிப் பருப்பு வறுத்துக் கொடுத்தாள். அதோடு விடவில்லை. சுவரோரம் நெடுகத் தென்னை மட்டையைப் பரப்பினாள். அடுத்த மழைக்குச் சுவர் வெள்ளையாகவே இருந்தது.

அந்த மட்டைதான் தோப்பில் சருகு. நாமோ கொட்டை பொறுக்க வசதியாக அடியை வழித்துப் பெருக்கிவிடுகிறோம். மழை விட்டதும் குனிந்து பாருங்கள். கூழாங்கல் ஒவ்வொன்றும் சின்ன மண்தூணின் மேல் நிற்கும். அந்தத் தூணின் உயரத்துக்குச் சுற்றியிருந்த மண் போய்விட்டது.

வருஷத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் மழை என்பதை விட, எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதுதான் முக்கியம். விஷ்மெயர், ஸ்மித் என்ற அமெரிக்கர்கள் 1965இல் வெளியிட்ட மண் அரிப்புக் கணக்கில், மழையின் ஆற்றலை அது மிகக் கடுமையாகப் பெய்த 30 நிமிடத்தின் வேகத்தால் பெருக்குகிறார்கள். நமக்கோ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. பெய்தது. பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை ஊருக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. சிறு துளி பெருவெள்ளம், ஐயா!

2011 டிசம்பரில் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்தபின், மூடியிருந்த மண் வெயிலைப் பார்த்தது. புதுச்சேரிப் பக்கம் பொம்மையார்பாளையத்துச் செம்மண் பள்ளத்தாக்கில் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மழை வெட்டிய வெட்டு அது.

ஓடைக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஓடையை அகலப்படுத்த வந்த ஒப்பந்தக்காரர், கரையில் நின்ற புதரையெல்லாம் பொக்லைனால் வழித்தெடுத்தார். அடுத்த மழையில் கரையே சரிந்தது. அதற்காகத்தான் மேடை மேடையாக வெட்டிவேர், வெட்டிவேர் என்று கத்துகிறேன். கடலூர் கடற்கரை மணலில் நம் ஆட்களே பயிரிடுகிறார்கள், வெளியூரில் தேட வேண்டாம். அதன் வேர் பக்கவாட்டில் ஓடாமல் இரண்டு மூன்று மீட்டர் நேர்கீழே இறங்கும். சரிவுக்குக் குறுக்கே நெருக்கி நட்டால் தண்ணீர் வடிந்துபோகும், மண் அங்கேயே தங்கும். ஆனால் கரையில் நட்டதை வேருக்கு ஆசைப்பட்டுத் தோண்டக்கூடாது. தோண்டினால் கரையும் சேர்ந்து போகும்.

ஊராட்சித் தலைவர் ஐயா, ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. பந்தல் வாசலில் நூறு வெட்டிவேர்த் தூர் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் ஓடைக்கரைக்குப் போகலாம், நானும் மண்வெட்டியோடுதான் வந்திருக்கிறேன்.