மானாவாரிக் கொல்லையில் பண்ணைக் குட்டை கடைசி வேலை

வணக்கம் மக்களே. பென்னாகரம் பக்கம் ஒரு மேட்டுக் கொல்லையில் நிற்கிறேன். காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கமெண்டில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுதான்: "அண்ணா, கிணறு இல்லை, போர் போடவும் பயமாக இருக்கிறது, பண்ணைக் குட்டை வெட்டலாமா?" வெட்டலாம். ஆனால் ஓடிவரும் மழைத் தண்ணீரைக் கொல்லையிலேயே தேக்கிவைக்கும் அந்தக் குட்டை கடைசி வேலை என்பது என் கட்சி.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் பெய்தால் சுமார் 4,000 லிட்டர். ஒரே மழையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டு லோடுக்கு மேல். தர்மபுரிக்கு மழையே இல்லை என்கிறோம். கோடை மழை, ஆடி ஆவணி மழை, ஐப்பசி மழை என்று மூன்று தவணையாக வரத்தான் வருகிறது. வந்ததில் எவ்வளவு கொல்லைக்குள் தங்கியது என்று யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பது சுலபம். மழை விட்ட மறுநாள் மண்வெட்டியால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிப் பாருங்கள். இதோ, இங்கே நாலு விரல் ஆழத்துக்குத்தான் ஈரம். அதற்குக் கீழே பொடி மண். ஆனால் வரப்போரம் ஓடிய தண்ணீர் சேறு கிளப்பிக்கொண்டு ஓடையில் இறங்கியிருக்கிறது, தடம் தெரிகிறதா? நல்ல மழைதான், குடிக்கத்தான் மண்ணுக்கு வாய் திறக்கவில்லை.

காரணம் இரண்டு. நம் செம்மண் மேலே பொருக்கு கட்டும். பெரிய துளி வேகமாக விழுந்து மண் கட்டியை உடைக்கும், அந்தத் தூள் துவாரங்களை அடைத்துவிடும், காய்ந்ததும் இறுகிவிடும். விதைத்த கேழ்வரகு முளை சில சமயம் இதை முட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் மடிந்துபோகும். இன்னொன்று அடியில் இருக்கிறது. வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் டிராக்டர் உழுது உழுது, கீழே ஒரு கெட்டித் தளம் உருவாகிவிடும். தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. இதற்கு உளிக் கலப்பை வேண்டும். மண்ணைப் புரட்டாமல் கீழே கீறிவிடும். வருஷம் தவறாமல் தேவையில்லை, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் போதும். மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் தளம் உடையாது, கலப்பை கோடு மட்டும் விழும்.

சித்திரையில் முதல் கோடை மழைக்கு உழுவது நம் தாத்தா காலத்துப் பழக்கம், அதை விடாதீர்கள். ஆனால் எந்தத் திசையில் உழுகிறீர்கள் என்பதுதான் பாதி விஷயம். டிராக்டர்காரர் நீளவாக்கில் ஓட்டத்தான் விரும்புவார், திருப்பம் குறைவு, டீசல் மிச்சம். நீளம் சரிவோடு போனால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால்தான். பக்கத்தில் நின்று, சரிவுக்குக் குறுக்கே ஓட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வாடகை கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

சரிவு எந்தப் பக்கம் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கண் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப் வாங்கிவந்து தண்ணீர் நிரப்பி, ஆளுக்கு ஒரு முனை பிடித்து, ஒரே மட்டம் வரும் இடங்களில் குச்சி நடுங்கள். குச்சிகளைச் சேர்த்தால் கோடு வளைந்து வளைந்து போகும். வரப்பு அந்தக் கோட்டில்தான் போக வேண்டும். நேராகப் போட்ட வரப்பில் தண்ணீர் பள்ளமான ஒரு மூலையில் சேர்ந்து, பெரிய மழையில் அங்கேயே உடைத்துக்கொண்டு போகும். சரியான கோட்டில் போட்டாலும் மிச்சத் தண்ணீர் வெளியேற ஒரு இடம் விட்டு, அங்கே கல் அடுக்க வேண்டும். இங்கே கல்லுக்கா பஞ்சம்? வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல்லோ வெட்டிவேரோ வைத்தால் கரை பிடிக்கும். கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கும் ஆகும்.

அடுத்தது எரு. இந்தச் சரளை மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்க மக்கு, அதாவது மக்கிப்போன சாணம், இலை தழை வேண்டும். ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் என்பார்கள். அத்தனை மாடு இப்போது யாரிடம் இருக்கிறது? ஆட்டுப்பட்டி போடுங்கள், அதாவது ராத்திரியில் ஆடுகளைக் கொல்லையிலேயே அடைத்துவையுங்கள், ஏரி வண்டல் கிடைத்தால் தாலுகா ஆபீஸில் அனுமதி வாங்கி அடியுங்கள். வெள்ளை பூத்த உப்பு மண் வேண்டாம். எருக் குப்பையைக் கொட்டிக் குவித்துவிட்டு வாரக்கணக்கில் வெயிலில் காயவிடும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இறைத்த அன்றே உழுது மூடுங்கள்.

பயிரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேழ்வரகுக்குள் மொச்சை, கடுகு, ஓரத்தில் ஆமணக்கு என்று நம் ஊரில் போட்டது சும்மா இல்லை. கேழ்வரகு வேர் மேலாக இருக்கும், மொச்சை வேர் ஆழம் போகும். ஒன்று வாடினாலும் இன்னொன்று நிற்கும். ரகம் வேண்டுமென்றால் காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேழ்வரகு, சாமை, கொள்ளு மூன்றிலும் பையூர் பெயரிலேயே ரகங்கள் உண்டு.

இப்போது குட்டைக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் செய்த பிறகும் பெரிய மழையில் வழிகிற தண்ணீர் இருக்கும். அது எங்கே சேருகிறதோ, கொல்லையின் அந்தத் தாழ்ந்த மூலையில் வெட்டுங்கள். ரோட்டோரம் ஜேசிபி வர வசதி என்று மேட்டில் வெட்டிய குட்டைகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன், உள்ளே ஆடு மேய்கிறது. சரளை மண்ணில் தண்ணீர் இறங்கிவிடும், அதனால் அடியில் களிமண் மிதித்துப் பூசவோ தார்ப்பாய் விரிக்கவோ வேண்டும். அந்தத் தண்ணீரை நம்பி நெல் நடாதீர்கள். கேழ்வரகு கதிர் வாங்கும் சமயம் மழை ஏமாற்றினால் ஒரு தண்ணீர் விட அது போதும்.

அப்புறம் ஒரு கேள்வி உங்களுக்கு. கேழ்வரகு அறுத்த ஈரத்தில் கொள்ளு போடுவது அரூர், ஊத்தங்கரைப் பக்கம் எந்த மாதம் வரை நடக்கிறது? கமெண்டில் போடுங்கள், ஐப்பசியைத் தாண்டியும் போடுபவர்கள் இருந்தால் நேரில் வந்து பார்க்கிறேன்.