டார்க் மோடு போட்டா பாதி ஸ்கிரீன் மட்டும் கறுப்பாகுதா? ஸ்டாட்டிக்ரிசோர்ஸா, டைனமிக்ரிசோர்ஸா?

டார்க் மோடு பட்டனை அமுக்குறீங்க. டைட்டில் கறுப்பாயிடுச்சு, மெனு மட்டும் வெள்ளையாவே நிக்குது. எர்ரரும் வரல. விண்டோஸ் ஆப்களுக்கு ஸ்கிரீன் செய்யற மைக்ரோசாஃப்ட்டோட டபிள்யூபிஎஃப்ல எழுதறவங்களுக்கு ரொம்பப் பழக்கமான தலைவலி இது.

2006ல டாட்நெட் 3.0 கூட வந்த ஃபிரேம்வொர்க். பிரஷ் (கலர் அடிக்கற ஆப்ஜெக்ட்), ஸ்டைல் எல்லாத்துக்கும் ஒரு கீ, அதாவது பேரு, குடுத்து, ஸ்கிரீனை விவரிக்கற ஸாமல் ஃபைல்ல ரிசோர்ஸா வச்சுக்கலாம். வரலாறு போதும்.

அந்த ரிசோர்ஸை எடுக்க ரெண்டு வழி. ஸ்டாட்டிக்ரிசோர்ஸ், ஸாமல் லோடு ஆகும்போது ஒரே தடவை தேடும். முதல்ல அந்த எலிமென்ட், அப்புறம் பேரன்ட், விண்டோ, ஆப் முழுசுக்கும் பொதுவான ஆப் டாட் ஸாமல். கிடைச்ச ஆப்ஜெக்டை அப்படியே பிடிச்சுக்கும். டைனமிக்ரிசோர்ஸ் கீயைத்தான் ஞாபகம் வச்சுக்கும், அந்தக் கீல வேற ஆப்ஜெக்ட் வந்தா அதை எடுத்துக்கும். ஒண்ணு ஆளைக் கும்பிடுது, இன்னொண்ணு நாற்காலியைக் கும்பிடுது. தீம் டிக்‌ஷனரியை, அதாவது கலர் ரிசோர்ஸ் தொகுப்பை, மாத்தினதும் ஏன் பாதிதான் மாறுதுன்னு இப்போ தெரியுதா?

[திரையில்: விண்டோ ரிசோர்ஸில் ஒரு சாலிட்கலர்பிரஷ்]

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். பிரஷைத் தூக்கிட்டு வேற பிரஷ் வைக்காதீங்க. கோட்ல அதே பிரஷோட கலர் ப்ராப்பர்ட்டியை மட்டும் மாத்துங்க. ஸ்டாட்டிக்ல எடுத்ததும் சேர்ந்து மாறும்! எல்லார் கையிலயும் இருக்கறது அதே ஒரு பிரஷ்தானே.

அதே பிரஷை ஆப் டாட் ஸாமலுக்கு நகர்த்துங்க. அதே கோடு இப்போ 'ரீட்-ஒன்லி'ன்னு எக்செப்ஷன் அடிக்கும். ஆப் லெவல் பிரஷை எடுத்துக் குடுக்கும்போதே டபிள்யூபிஎஃப் ஃப்ரீஸ் பண்ணிடுது, இனி மாத்த முடியாதபடி பூட்டிடுது. அங்க புது பிரஷைத்தான் வைக்கணும், அதைக் கவனிக்க டைனமிக் வேணும்.

ஒரே ஆப்ஜெக்ட்ங்கறது இன்னொரு இடத்துலயும் கடிக்கும். ஒரு இமேஜை ரிசோர்ஸா வச்சு ரெண்டு பட்டனுக்குக் குடுத்தா, 'ஏற்கனவே இன்னொருத்தரோட லாஜிக்கல் சைல்ட்'னு திட்டும். அந்த ரிசோர்ஸ்ல எக்ஸ்-ஷேர்டை ஃபால்ஸ்னு போடுங்க, கேட்கற ஒவ்வொருத்தருக்கும் புதுசா ஒண்ணு கிடைக்கும்.

அப்போ எல்லாத்தையும் டைனமிக் ஆக்கிடலாமா? முடியாது. டிபென்டன்சி ப்ராப்பர்ட்டின்னு டபிள்யூபிஎஃப் மாற்றங்களைக் கவனிக்கற ப்ராப்பர்ட்டி வகை இருக்கு, அதுல மட்டும்தான் அது உட்காரும். டேட்டாவை ஸ்கிரீனோட இணைக்கற பைண்டிங்கோட கன்வெர்ட்டர், வேற ஸ்டைலை அடிப்படையா எடுக்கற பேஸ்டுஆன் ரெண்டும் அந்த வகை இல்லை, அதுங்களுக்கு ஸ்டாட்டிக்தான். அதோட, கீல ஒரு எழுத்து தப்பினா ஸ்டாட்டிக் கிராஷ் ஆகும், டைனமிக் டீஃபால்ட் கலரைக் காட்டிட்டுச் சும்மா இருக்கும். என்னைக் கேட்டா கிராஷே மேல். எங்க தப்புன்னாவது தெரியும்.

பல ரிசோர்ஸ் ஃபைலை ஒண்ணா சேர்க்கற மெர்ஜ்டு டிக்‌ஷனரில கலர் ஃபைல் மேல, அதை எடுக்கற ஸ்டைல் ஃபைல் கீழ. மாத்திப் போட்டா ஸ்டாட்டிக்குக் கீ கிடைக்காது. உங்க மெனு இன்னும் வெள்ளையாவே இருந்தா அதுக்குக் கலர் குடுக்கற அந்த ஒரு வரி ஸாமலை கமென்ட்ல போடுங்க, பார்த்துடலாம்.