ஆயில் பம்பின் வாய்ப்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். காரைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் பிரேக், பேட்டரி, ஏசி ஆகியவற்றைப் பற்றித் தவறாமல் விசாரிப்பார்கள். ஆயில் பம்பைப் பற்றிக் கேட்பவர் மிகக் குறைவு. என்ஜினின் முன்பக்க மூடிக்குள்ளோ, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்புக்குள்ளோ மறைந்திருந்து, என்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாப்ட் சுழலும்போதெல்லாம் தானும் சுழலும் சிறு கருவி அது. சம்பில் தேங்கிய ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகக் கிராங்க் ஷாப்டின் பேரிங்குகளுக்கும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்டுக்கும், டர்போ உள்ள வண்டியானால் அதன் பேரிங்குக்கும் இடைவிடாமல் அனுப்புவதே அதன் வேலை.

இன்று பல கார்களில் இருப்பது ரோட்டர் வகைப் பம்ப். வெளி வளையத்தைவிட ஒரு பல் குறைவாக உள்ள உள் ரோட்டர் சற்றே மையம் விலகிச் சுழல்வதால், இரண்டுக்கும் இடையிலுள்ள காலி இடம் ஒரு பக்கம் விரிந்து ஆயிலை இழுக்கிறது, மறுபக்கம் சுருங்கி வெளியே தள்ளுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பம்ப் தருவது ஓட்டத்தை மட்டுமே. அந்த ஓட்டத்தைப் பேரிங்குகளின் நுண்ணிய இடைவெளி தடுப்பதால்தான் அழுத்தம் பிறக்கிறது. சூடேறிய என்ஜின் ஐடிலில் நிற்கும்போது ஏறத்தாழ 1 பார் (பார் என்பது அழுத்த அலகு), வேகத்தில் 3 முதல் 5 பார் வரை இருப்பது வழக்கம். அதற்கு மேல் ஏறினால் ரிலீஃப் வால்வு திறந்து மிகையைத் திருப்பிவிடும். ஆகவே அழுத்தம் குறைந்துவிட்டது என்றவுடன் பம்பின்மேல் பழிபோடுவது சரியல்ல. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்ற என்ஜினில் எத்தனை புதுப் பம்ப் மாட்டினாலும் காசுக்குத்தான் கேடு.

பம்ப் தானாகத் தேய்ந்து கெடுவது அரிது என்பதே என் கருத்து. அதைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் வாய்ப்பக்கம், அதாவது உறிஞ்சும் குழாயின் நுனியிலுள்ள சல்லடை. வீட்டுக் கீழ்த்தொட்டியிலிருந்து மேலே நீரேற்றும் மோட்டாரின் ஃபுட் வால்வில் குப்பை அடைத்துக்கொண்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. இங்கும் அதே நிலைதான். பம்ப் இழுத்தும் ஆயில் கிடைக்காத என்ஜினின் சம்பைக் கழற்றிப் பார்த்தால், சல்லடையில் பாதியைக் கருந்தார் போன்ற கசடும், மீதியைச் சம்பின் விளிம்பில் ஒழுகாமல் அடைக்கப் பூசும் கேஸ்கெட் பேஸ்டின் ரப்பர் துணுக்குகளும் மூடியிருப்பதைக் காணலாம். முன்பொரு முறை சம்பை மாட்டியவர் பேஸ்டை வேண்டியதற்கு மேல் பிதுக்கியிருப்பார். உள்பக்கம் வழிந்த பகுதி உதிர்ந்து நேரே சல்லடைக்கு வந்திருக்கும். உள்தெருக்களில் அவரவர் விருப்பப்படி எழுப்பிய வேகத்தடைகளில் அடிவாங்கிச் சம்பின் தகடு உள்ளே நசுங்கினாலும் ஆயில் வரும் வழி குறுகிவிடும். ஒழுகவில்லையே என்று அதை விட்டுவிடக் கூடாது.

கசடு சேர்வதற்கு நம் நகரத்து ஓட்டமும் ஒரு காரணம். மெட்ரோ பணிகளால் குறுகிய சாலையில் கிண்டியிலிருந்து சிறுசேரி வரை ஊர்ந்து செல்லும் காரின் மீட்டர் கொஞ்சமே நகர்கிறது, என்ஜினோ மணிக்கணக்கில் வெந்துகொண்டிருக்கிறது. கையேட்டில் ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று இருந்தாலும், கடினமான பயன்பாட்டுக்கு முன்னதாகவே மாற்றுமாறு அதே கையேட்டில் ஒரு வரி இருக்கும். சென்னையில் ஓடும் கார்களுக்கு அந்த வரியே பொருந்தும். பல ஆண்டு கசடு படிந்த பழைய என்ஜினில் ஃபிளஷ் திரவம் ஊற்றி ஒரேயடியாகச் சுத்தம் செய்ய முயல்வது ஆபத்து. பெயர்ந்த கசடெல்லாம் சல்லடையில்தான் போய்ச் சேரும்.

ஆயிலை அதிகமாக ஊற்றுவதும் தவறு. கிராங்க் ஷாப்ட் அதைக் கடைந்து நுரையாக்கினால், பம்ப் காற்றைத்தான் விழுங்கும்.

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, என்ஜின் கிளம்பிய ஓரிரு வினாடிகளில் அணைய வேண்டும். ஓட்டத்தின் நடுவே எரிந்தால், அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று எண்ணாமல், வண்டியை ஓரங்கட்டி உடனே என்ஜினை அணைத்துவிட வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்வதே நல்லது. பட்டறையில் அந்த விளக்கை எரியவைக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரங்களில் சுவிட்சே பழுதாகியிருக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நீரில் நின்ற கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் நீர் கலந்து பால் கலந்த காப்பி நிறமாக வந்தால் சாவியையே தொடக் கூடாது. பம்ப் அந்தக் கலவையைப் பேரிங்குகளுக்கு அனுப்பிவிடும்.

பம்பை மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் பழையதாக வாங்கலாம், பம்பை வாங்க வேண்டாம்; ரோட்டருக்கும் உறைக்கும் இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தேய்மானம் கூடினாலே அதன் ஆற்றல் குறைந்துவிடும், அது கண்ணுக்குத் தெரியாது. புதிய பம்பின் ரோட்டர்களை ஆயிலில் நனைத்து மாட்டச் சொல்லுங்கள். வறண்ட பம்பால் முதல் இழுப்பு இழுக்க முடியாது. முதல் ஸ்டார்ட்டில் சிவப்பு விளக்கு அணையும் வரை ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கக் கூடாது.